பழைய தெர்மோகோலில் சர்ஃப் போர்டு: வெட்டுவதிலிருந்து தண்ணீரில் இறக்குவது வரை

ஃப்ரிட்ஜ், டிவி வாங்கினால் பெட்டிக்குள் கூடவே வருகிற வெள்ளைத் தெர்மோகோல் இருக்கிறதே, அதுவும் கடையில் விற்கிற எபாக்சி (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்ததும் கெட்டியாகும் பிசின், அதாவது ரெசின்) சர்ஃப் போர்டுகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் ஒரே பொருள்தான், பாலிஸ்டைரீன் நுரை. வித்தியாசம் அடர்த்தியில் மட்டும். பெட்டித் தெர்மோகோல் பெரும்பாலும் கன மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ இருக்கும், போர்டுக்கென்று வார்க்கிற கட்டை 24 முதல் 32 கிலோ வரை. அந்த வித்தியாசத்தை ஒரு ப்ளைவுட் பட்டையையும் கூடுதலாக ஒரு அடுக்குத் துணியையும் வைத்து ஈடு கட்டிவிடலாம். எப்படி என்பதைத்தான் முழுசாக எழுதப் போகிறேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் வயிற்றுக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், தோலில், அதாவது எபாக்சியில் நனைத்து மேலே ஒட்டுகிற ஃபைபர் கிளாஸ் துணியில், மட்டும் கை வைக்கக் கூடாது. அலை மேல் நிற்கும்போது போர்டு வளையப் பார்க்கும். மேல்பக்கத் தோல் அமுங்கும், அடிப்பக்கத் தோல் இழுபடும், பெரும்பாலான பாரத்தை அந்த இரண்டு தோல்களும்தான் தாங்குகின்றன. நடுவில் இருக்கும் நுரைக்கு வேலை, அந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டாமல், நழுவாமல் தள்ளிப் பிடித்து வைத்திருப்பது. அதனால்தான் விரலால் அழுத்தினாலே குழி விழும் தெர்மோகோலை வைத்து ஒரு ஆள் ஏறி நிற்கும் போர்டைச் செய்ய முடிகிறது. பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் உள்ளே பிடியுங்கள். எபாக்சியிலும் ஃபைபர் கிளாஸ் துணியிலும் பிடிக்க வேண்டாம்.

கிடைத்ததை வைத்துப் போர்டு செய்வது புதிய பழக்கமும் இல்லை. 1920களில் டாம் பிளேக் என்பவர் ஹவாய் பாணியில் கனமான மரப்பலகை ஒன்றைச் செய்து, எடை குறைய அதில் நூற்றுக்கணக்கான துளைகளைப் போட்டு, மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டி மூடினார். 1935இல் அவரே ஒரு பழைய விசைப்படகின் அடியிலிருந்த உலோகக் கீல் தகட்டைக் கழற்றித் தன் போர்டுக்கு அடியில் பொருத்தினார், இன்றைக்குப் பெரும்பாலான போர்டுகளில் இருக்கும் ஃபின் அங்கிருந்துதான் வந்தது. 2005 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய நுரைக்கட்டை நிறுவனமான கிளார்க் ஃபோம் திடீரென மூடப்பட்டபோது, பாலியூரித்தேன் என்ற வேறொரு நுரைக்கட்டையை மட்டுமே நம்பியிருந்த பலர் தெர்மோகோல், எபாக்சி பக்கம் திரும்பினார்கள்.

எந்தப் பொருளில் செய்வது

பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாகக் கோத்துச் செய்யலாம், பிரேசிலில் அப்படிச் செய்கிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் அழுத்தம் இருந்தால்தான் அது விறைப்பாக நிற்கும். அதற்கு உலர்பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) துண்டு போட்டு மூடுகிற வழி இருக்கிறது, ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் பாட்டில் வெடிக்கும், முதல்முறை செய்பவருக்கு அது வேண்டாம். பாட்டில் போர்டு மிதக்க நன்றாக மிதக்கும், திரும்பச் சொன்னால் திரும்பாது. அட்டைப்பெட்டியைத் தேன்கூடு மாதிரி கோத்துச் செய்வது பார்க்க அவ்வளவு அழகு, உறுதியும் கிடைக்கும், ஆனால் எங்காவது ஒரு பொட்டு ஓட்டை விழுந்தால் உள்ளே அட்டை கூழாகிவிடும். மரச்சட்டத்தில் உள்ளீடற்ற போர்டு செய்யத் தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டும். என் தேர்வு தெர்மோகோல்தான். வெட்டுவது எளிது, தப்பாக வெட்டினால் ஒரு துண்டை ஒட்டித் திரும்ப வெட்டலாம்.

ஏற்கெனவே மஞ்சளித்துப்போன, நகத்தால் கீறினால் மணி மணியாக உதிர்கிற தெர்மோகோலை எடுக்காதீர்கள். மணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், உடைத்தால் மணிகளின் ஊடாகவே உடைய வேண்டும். மணிகளுக்கு நடுவில் பிளந்துகொண்டு வந்தால் அது சரியாக வேகாத சரக்கு.

அளவு

முதல் போர்டுக்கு 8 அடி நீளம், 22½ அங்குல அகலம், 3¼ அங்குலத் தடிமன் வைத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில் ஏறக்குறைய 244 × 57 × 8.25. மூன்றையும் பெருக்கினால் 115 லிட்டர் சொச்சம் வரும், அது செவ்வகப் பெட்டியின் கணக்கு. போர்டு முனையிலும் ஓரத்திலும் குறுகி மெலிவதால் அதில் சுமார் 60 சதவீதம்தான் நிற்கும், அதாவது 69 லிட்டர். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு உடல் எடை கிலோவில் எவ்வளவோ, லிட்டரும் கிட்டத்தட்ட அவ்வளவு அல்லது கொஞ்சம் கூட இருப்பது நல்லது. 65 கிலோ ஆளுக்கு இது பொருந்தும். எடை 80 என்றால் அகலத்தை ரொம்பக் கூட்டாமல் நீளத்தை 8½ அடிக்கும் தடிமனை 3½ அங்குலத்துக்கும் கொண்டுபோங்கள்.

69 லிட்டர் தெர்மோகோலின் எடை ஒன்றரை கிலோகூட வராது. துணி, ரெசின், பட்டை, ஃபின் எல்லாம் சேர்ந்து முடிந்த போர்டு 5 கிலோ சுமாருக்கு நிற்கும். 7 கிலோவைத் தாண்டினால் ரெசினை அள்ளி ஊற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கட்டையை உருவாக்குவது

ஒரு அங்குலத் தடிமனுள்ள தாள்களாகத் தெர்மோகோலைச் சேகரியுங்கள் அல்லது பெரிய துண்டுகளைச் சூட்டுக்கம்பியால் அப்படி அறுத்துக்கொள்ளுங்கள். சூட்டுக்கம்பி என்பது இழுத்துக் கட்டிய நிக்ரோம் கம்பியில் குறைந்த மின்னழுத்தத்தைக் கொடுத்துச் சூடாக்குவது. கம்பி சிவக்கக் கூடாது, சிவந்தால் சூடு அதிகம், நுரை உருகிப் புகையும். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

நான்கு அடுக்கு வேண்டும். முழு 8 அடித் தாள் யாருக்கும் கிடைக்கப்போவதில்லை, அதனால் செங்கல் கட்டுவதுபோல ஒரு அடுக்கின் இணைப்புக்கு மேல் அடுத்த அடுக்கின் இணைப்பு வராதபடி மாற்றி மாற்றி வையுங்கள். போர்டின் வளைவும் இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும். தரையில் நடுப்பகுதி படிந்திருக்க, மூக்குப் பக்கம் 4 அங்குலமும் வால் பக்கம் 2 அங்குலமும் உயரும்படி அடியில் கட்டைகள் வைத்து, அந்த வளைவின் மேல் தாள்களை ஒவ்வொன்றாகப் பசை தடவி அடுக்கி, மேலே மணல் பைகளையோ தண்ணீர் நிரப்பிய பாட்டில்களையோ பரப்பிப் பாரம் ஏற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். பசை இறுகியதும் பாரத்தை எடுத்தால் வளைவு அப்படியே நிற்கும். இந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர். மூக்கில் இது இல்லாவிட்டால் அலையில் இறங்கும்போதெல்லாம் மூக்கு தண்ணீருக்குள் குத்தும்.

பசை விஷயத்தில் கவனம். ரப்பர் பசை, கரைப்பான் வாசம் அடிக்கும் எந்தப் பசையும் தெர்மோகோலைத் தின்றுவிடும். எபாக்சியோ, ஈரத்தில் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் மரப்பசையோ போதும், அதையும் மெல்லிசாக. இன்னொன்று, பசை இறுகினால் நுரையைவிடக் கெட்டி. பின்னால் தேய்க்கும்போது நுரை குழியும், பசைக்கோடு மட்டும் மேடாக நிற்கும். அதனால் எந்த ஓரத்தை வெட்டித் தேய்க்கப் போகிறீர்களோ அங்கே ஓர் அங்குலத்துக்குப் பசை தடவாமல் விட்டுவிடுங்கள்.

கட்டை தயாரானதும் நட்டநடுவில் நூல் பிடித்துக் கோடு போட்டு நீளவாக்கில் இரண்டாக அறுங்கள். மனசு வராது, ஆனால் அறுக்கத்தான் வேண்டும். அறுத்த பாதியைப் படுக்கவைத்து அதன் வளைவை 4 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் வரைந்து ஒரு பட்டை வெட்டுங்கள். இதுதான் ஸ்ட்ரிங்கர், போர்டின் முதுகெலும்பு. ப்ளைவுட் 8 அடியில்தான் வருகிறது என்பதால் ஒட்டுப்போட வேண்டியதில்லை. இரண்டு பாதிக்கும் நடுவில் அதை வைத்துப் பசையிட்டு, பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துச் சுற்றி இறுக்குங்கள். அப்புறம் வால் பக்கம் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் பசை காயும் முன் சரி செய்ய வேண்டும், காய்ந்த பிறகு முறுக்கை எடுக்கவே முடியாது.

வடிவம்

அட்டையில் பாதி வடிவத்தை மட்டும் வரையுங்கள். மூக்கிலிருந்து 12 அங்குலம் தள்ளி முழு அகலம் 17, வாலிலிருந்து 12 அங்குலம் தள்ளி 15, அகன்ற இடம் நடுவிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் முன்னால். இந்தப் புள்ளிகளை ஒரு மெல்லிய மூங்கில் பிளாச்சை வளைத்து வைத்து இணைத்தால் கோடு எங்கும் முட்டாமல் ஓடும். வெட்டிய அட்டையை நடுக்கோட்டில் ஒரு பக்கம் வைத்து வரைந்து, புரட்டி மறுபக்கம் வரைந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

மேல்பக்கத்தை இழைத்து நடுவில் 3¼ அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு முனைக்கும் போகப் போக மெலிய வேண்டும். ஸ்ட்ரிங்கரை மட்டும் சின்ன இழைப்புளியால் தனியாக இழையுங்கள். நுரைக்கு 60ஆம் நம்பர் உப்புத்தாளை நீளமான தட்டைக் கட்டையில் ஒட்டித் தேய்த்தால் போதும். கையால் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் அலை அலையாகப் பள்ளம் விழும்.

ஓரங்களை, அதாவது ரெயிலை, ஒரேயடியாக உருட்டப் பார்க்காதீர்கள். முதலில் மேல் விளிம்பை மூக்கிலிருந்து வால் வரை ஒரே சாய்வாகச் சீவுங்கள். அந்தச் சாய்வால் உண்டான இரண்டு புது விளிம்புகளையும் மறுபடி சீவுங்கள். இப்படிப் பட்டை பட்டையாக எடுத்த பிறகு கடைசியில் வலை மாதிரி இருக்கும் உப்புத்தாளால் உருட்டினால் இரண்டு ரெயிலும் ஒத்து வரும். அடிப்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். முன்பகுதி ரெயில் நன்றாக உருண்டிருக்க வேண்டும், வாலை ஒட்டிய கடைசி ஒன்றரை அடியில் மட்டும் அடிவிளிம்பு கூர்மையாக இருந்தால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு மேலே ஏறாமல் விட்டுப் பிரியும், போர்டு வழுக்கும்.

இந்த வேலையில் வெள்ளை மணி பறந்துகொண்டே இருக்கும். திறந்தவெளியில் அதுவும் காற்றில் செய்யாதீர்கள். கீழே விரிப்பு போட்டு, அவ்வப்போது வேக்கும் கிளீனரால் உறிஞ்சி மூட்டை கட்டுங்கள். மீன் வாய்க்குள் போகக் கூடிய அளவு மணிகள் அவை. கடலுக்காகச் செய்கிற ஒன்று கடலைக் கெடுக்கக் கூடாது.

வடிவம் முடிந்ததும் மணிகளுக்கு இடையிலான குழிகளை அடைக்க வேண்டும். சுவர் வெடிப்பை அடைக்கிற, தண்ணீர் கலந்த, எடை குறைந்த பட்டியை மெல்லிசாக இழுத்துவிட்டு, காய்ந்ததும் 120ஆம் நம்பரில் லேசாகத் தேய்த்துத் தூசியை ஊதுங்கள். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு குழியும் ரெசினைக் குடிக்கும், எடை கூடும். படம் வரைய ஆசை என்றால் இப்போது வரையலாம், தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்ட் மட்டும். ஸ்ப்ரே பெயிண்ட் நுரையைக் கரைக்கும்.

தோல்

படகு ரிப்பேருக்கு வாங்குகிற பாலியெஸ்டர் ரெசின் இதற்கு ஆகாது. நான் முதலில் செய்யும்போது கையில் அதுதான் இருந்தது. நல்லவேளை, ஒரு துண்டில் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு சொட்டு விட்டேன். விட்ட இடம் சத்தமில்லாமல் உள்வாங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் நுழையும் அளவு குழியானது. அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். எபாக்சி கரைக்காது. எந்த ரெசின் வாங்கினாலும் ஒரு துண்டில் சோதிக்காமல் போர்டின் மேல் ஊற்றாதீர்கள்.

துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ஃபைபர் கிளாஸ். அடியில் ஒரு அடுக்கு, மேலே இரண்டு. ரெசின் வீணாகிறது உட்பட மொத்தம் 2 கிலோ கையில் இருக்கட்டும். பழைய பருத்தித் துணி, சணல் சாக்கு இவற்றை ஃபைபர் கிளாசுக்குப் பதிலாகப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போடாதீர்கள், அவை ரெசினைக் குடித்துக் கனக்குமே தவிர அந்த உறுதி வராது. பூப்போட்ட பருத்தித் துணியின் அழகு பிடித்திருந்தால் ஃபைபர் கிளாசுக்கு அடியில் வையுங்கள், நனைந்ததும் கிளாஸ் கண்ணாடியாகிவிடும், பூ தெரியும்.

நேரம் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையில் பெரிய சூட்சுமம். தெர்மோகோலின் உள்ளே பெரும்பகுதி காற்று. காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏற ஏற அந்தக் காற்று விரிந்து, இன்னும் இறுகாத ரெசின் வழியாகக் கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். நீங்கள் ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இரண்டு கிளம்பும். அதே வேலையைச் சாயங்காலம், சூடு இறங்கத் தொடங்கிய பிறகு செய்தால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துப் பிடிக்கும், துணி நுரையோடு கப்பென்று ஒட்டும். வெயில் படாத மூடிய அறை, சாயங்காலம், விசிறி வேண்டாம்.

நைட்ரைல் கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். முதல் தடவை ஒன்றும் ஆகாததுபோல இருக்கும், திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போவதில்லை. ரெசினும் ஹார்டனரும் எந்த விகிதம் என்று டப்பாவில் போட்டிருக்கும், எடையா கொள்ளளவா என்பதையும் பார்த்து அதே விகிதத்தில் கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் எபாக்சி சீக்கிரம் இறுகாது, கடைசி வரை பிசுபிசுவென்றே கிடக்கும். இரண்டு நிமிடம், ஓரமும் அடியும் வழித்துக் கலக்கியதும் டப்பாவில் வைத்திருக்காமல் போர்டின் மேல் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். குவியலாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். 300 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம்.

முதலில் அடிப்பக்கம். துணியை விரித்து, ஓரங்களைச் சுற்றி மறுபக்கம் 2 அங்குலம் மடியும்படி கத்தரியுங்கள், மூக்கிலும் வாலிலும் வளைவில் சுருக்கம் விழாமலிருக்கச் சின்னச் சின்ன வெட்டு கொடுங்கள். நடுவில் ரெசினை ஊற்றி ரப்பர் தகட்டால் ஓரங்களை நோக்கி மெதுவாக இழுங்கள். வெள்ளைத் துணி ஈரம் பட்டதும் மறைந்துபோவதுபோலத் தெளியும். வெள்ளையாக எங்காவது தெரிந்தால் ரெசின் பத்தவில்லை, பளபளவென்று குளம் கட்டினால் துணி மிதக்கிறது, வழித்தெடுங்கள். துணியின் நெசவு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் சரியான அளவு. மறுநாள் மடித்த விளிம்பை லேசாகத் தேய்த்துவிட்டுப் புரட்டி, மேல்பக்கத்துக்கு இரண்டு அடுக்கு. இப்படி இரண்டு பக்கமும் மடிவதால் அதிகம் அடிபடும் ரெயிலில் மூன்று அடுக்கு வந்துவிடும்.

நெசவை மூட இன்னொரு பூச்சு வேண்டும், பக்கத்துக்கு 250 முதல் 300 கிராம். முதல் அடுக்கு விரலில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போதே பூசினால் தேய்க்க வேண்டியதில்லை. முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அதைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, உப்புத்தாள் போட்ட பிறகே பூசுங்கள், இல்லாவிட்டால் உரிந்து வரும். கடைசியாக 80, 120, 220 என்று தேய்த்து முடியுங்கள். கண்ணாடி இழைத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். நெசவு தெரிய ஆரம்பித்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் தேய்த்தால் தோலையே தேய்க்கிறீர்கள்.

ஃபின், லீஷ், காற்றுத்துளை

9 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் 8 அங்குல ஆழமுள்ள ஒற்றை ஃபின் போதும். முன் விளிம்பை உருட்டி, பின் விளிம்பை மெலித்து, இரண்டு பக்கமும் துணி ஒட்டுங்கள். பின் விளிம்பை 3 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிக்க வேண்டாம், விழும்போது கத்தி மாதிரி வெட்டும். வாலிலிருந்து 6 முதல் 8 அங்குலம் தள்ளி, கவிழ்த்த போர்டின் அடிப்பக்கத்தில் ஸ்ட்ரிங்கருக்கு நேர் மேலே நிறுத்தி, அடியில் ரெசினில் நனைத்த கண்ணாடி இழையை மூலையில் உருட்டி அடைத்து, ஃபினிலிருந்து போர்டு மேல் படரும்படி இரண்டு அடுக்குத் துணி போடுங்கள். ஃபின் பிய்ந்தால் போர்டின் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும், இங்கே துணியைக் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

லீஷ், அதாவது போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு, கட்ட, மேல்பக்கம் வாலருகே நுரையைத் தோண்டி எபாக்சி பூசிய மரக்கட்டை ஒன்றைப் பதித்து அதில் கயிற்றுத் துளை போடுங்கள். வெறும் நுரையில் பதித்தது முதல் பெரிய அலையிலேயே கையோடு வந்துவிடும். அதே மாதிரி ஸ்ட்ரிங்கர் பக்கத்தில் திருகு மூடியுள்ள ஒரு சின்னக் காற்றுத்துளையும் வேண்டும். வெயிலில் கிடக்கும்போது உள்ளே விரிகிற காற்று அந்த வழியாகப் போகாவிட்டால் தோலை நுரையிலிருந்து பிரித்து உப்ப வைக்கும். கரையில் திறந்து வையுங்கள், தண்ணீரில் இறங்கும் முன் மூடுங்கள்.

தண்ணீரில்

ஒரு வாரம் காய விட்டுவிட்டு, போர்டைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அலையில்லாத தண்ணீரில் ஒரு மணி நேரம் படுத்துத் துடுப்புப் போட்டுவிட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். 50 கிராம் கூடியிருந்தால்கூட எங்கோ கசிவு இருக்கிறது. தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் நூல் மாதிரி குமிழி வரிசை கிளம்பும் இடம்தான் அது. அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து வரும் வெள்ளை நுரை அலையில் மட்டும் பழகுங்கள், பக்கத்தில் ஆள் இல்லாத இடமாகப் பாருங்கள். நீச்சல் தெரியாமல் இறங்கவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை மேல்பக்கம் முழுவதும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும், தோல் பிரிந்த இடம் பொத்து பொத்தென்று கேட்கும். விரிசல் கண்டால் அன்றைக்கே தண்ணீரிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஓட்டை கீழே பார்க்க நிழலில் சாய்த்து வையுங்கள். எடை பழைய அளவுக்கு இறங்கும் வரை, அது இரண்டு வாரம் ஆனாலும் சரி, காத்திருந்து, சுற்றி 2 அங்குலம் தேய்த்துவிட்டுத் துணியும் எபாக்சியும் போட்டு மூடுங்கள்.